பிணவும் குருளையும்

பெண் பன்றிக்குப் ‘பிணவு’ என்றும் அதன் குட்டிக்குக் ‘குருளை’ என்றும் தொல்காப்பிய மரபியல் பெயர் வகுத்துள்ளது. இன்றோ அவ்விலங்கின் பெயர் வகுப்பில் எழுந்தால் மாணவர் நகைக்கின்றனர். ஆசிரியர் பக்கத்தைப் புரட்டி விடுகிறார். வசைக்கென்றே அச்சொல்லை ஒதுக்கிவைத்தோம்.

எங்கள் ஜுருவில் பன்றிப் பண்ணை என்றதும் ஆறும் நாற்றமுமே பேச்சாகும். 1970களில் ஆறு கெட்டுப் பிழைப்பிழந்த கோலா ஜுரு மீனவர்களையும், அவர்களுக்குத் துணைநின்ற பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் மறந்தோமல்லோம். பினாங்கு மாநிலம் 2016இல் பன்றி வளர்ப்புக்கெனச் சட்டமியற்றித் திறந்த பண்ணைகளை மூடிய கொட்டகைகளாக மாற்றப் பணித்தது. வேண்டிய சீர்திருத்தமே. ஆயினும் அதன் அளவுகோல் நம் மூக்கும் நம் நீரும் அன்றோ? கொட்டகையினுள் கிடக்கும் தாயைப் பற்றிக் கேட்டவர் யார்?

ஏறத்தாழ 114 நாள் சுமந்து ஈனும் அத்தாயை, உலகெங்கும் வணிகப் பண்ணைகள் பலவற்றில் இரும்புக் கம்பிக் கூண்டில் அடைக்கின்றனர். எழலாம், படுக்கலாம், திரும்ப இயலாது. ஈனுமுன் கூடு அமைக்கத் துடிக்கும் அதன் இயல்பும் அங்கே முடங்குகிறது. மூன்று நான்கு கிழமைகளில் குட்டிகளைப் பிரித்துவிடுவர். நான்கு முதல் ஏழு நாளில் தாய் மீண்டும் பருவத்துக்கு வரும். அடுத்த சினை தொடங்கிவிடும்.

“பிரிவால் தாய் அழுகிறது” என்று கண்ணீர் வடிப்போர்க்கும் ஒன்று சொல்வேன். உண்மை அத்துணை எளிதன்று. தன் விருப்பில் வாழும் பன்றி மூன்று நான்கு மாத அளவில் மெல்ல மெல்லப் பால் மறக்கச் செய்கிறது. குட்டி வளர வளரத் தாய் விலகி நடக்கும். பால் கொடுப்பதைக் குறைக்கும். எப்போது நெருங்குவது, எப்போது அகல்வது என்பது தாயின் உரிமை. கூண்டு பறிப்பது அவ்வுரிமையையே. பல் முளைத்த குட்டிகள் மடியை முட்ட, அகல வழியின்றிக் கிடக்கும் தாயின் குருதியில், நான்காம் கிழமையளவில் ‘கார்ட்டிசோல்’ உயர்ந்திருந்ததை ஆய்வாளர் அளந்து கண்டனர். உடல் நெருக்கடியுறும்போது சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரினல் சுரப்பி விடும் நீர் அது. ஈற்று வலியிலும் அது உயரும், அது இயற்கை. நாள்கணக்கில் உயர்ந்தே நிற்பதுதான் கேடு. வாயில்லாச் சீவனுக்குக் குருதியே சாட்சி!

கூண்டின்றேல் தாய் புரண்டு குட்டிகளை நசுக்கிவிடும் என்பர் பண்ணையாளர். அச்சம் பொய்யன்று. ஆனால், சுவீடன், நார்வே, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகள் தாயை நெடுநாள் ஈற்றுக் கூண்டில் அடைப்பதை ஒழித்து, அகன்ற தொழுவமும் வைக்கோலும் தந்து குட்டிகளை வளர்க்கின்றன. செலவு கூடும் என்பதே மெய்யான தடை. அதை வெளிப்படையாகச் சொல்லட்டுமே!

மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நல்வாழ்வுச் சட்டம் உண்டு. நம்மிடமோ அதனினும் மூத்த சான்று உண்டு: தாயிழந்த பன்னிரு பன்றிக் குட்டிகளுக்குச் சொக்கநாதரே தாய்ப்பன்றியாகிப் பாலூட்டியதாகத் திருவிளையாடற் புராணம் ஒரு படலமே வகுத்துள்ளது. தமிழாசிரியர் சிலர் வெட்கப்பட்டுத் தாண்டிச் செல்வதும் அப்படலத்தைத்தான். அடுத்த முறை அதை நிறுத்தி நடத்துங்கள். மாணவர் நகைத்தால், திரும்பவும் இடமில்லாத அந்தக் கூண்டின் அளவைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள்.