தொலைந்த கைபேசியும் தொலையாத மனிதரும்

தொலைந்த கைபேசியைத் தேடுவதற்கென ஆப்பிள் நிறுவனம் 2010-இல் ஒரு செயலியை வெளியிட்டது. அடுத்த ஆண்டே, நண்பர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் மற்றொரு செயலி வந்தது. 2019-இல் இரண்டும் ஒன்றாயின. பொறியியல் நோக்கில் இதில் பிழை ஏதுமில்லை. செயற்கைக்கோள், வைஃபை, கோபுரச் சமிக்ஞைகளைக் கொண்டு இடத்தைக் கணிக்கும் முறைக்கு, கைபேசி ஆட்டோ இருக்கையில் கிடக்கிறதா, ஒருவரின் சட்டைப்பையில் இருக்கிறதா என்பது தெரியாது. அவ்வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டியது அதைப் பயன்படுத்தும் சமூகம்.

இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதத்தில் நாடு முழுமைக்கும் விரிவாக்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தில், களவுபோன கைபேசியை அதன் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் கொண்டு முடக்கலாம். அதற்குக் காவல்துறையில் அளித்த புகாரின் நகல் வேண்டும். கைபேசி கிடைத்ததும் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம். தேடலுக்கு ஒரு காரணமும் உண்டு, ஒரு முடிவும் உண்டு. மனிதரைப் பின்தொடரும் செயலிகளில் இவ்விரண்டும் கட்டாயமில்லை.

வாட்ஸப்பில் நேரடி இருப்பிடத்தைப் பகிர 15 நிமிடம், 1 மணி, 8 மணி என மூன்று தெரிவுகளே உள்ளன. கூகுள் மேப்ஸிலோ, 'நிறுத்தும் வரை' என்றொரு தெரிவும் உண்டு. ஆப்பிளிலும் காலவரையற்ற பகிர்வு உண்டு. சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும் பிரச்சினையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. முதலாவதில் பகிரப்படுவது ஒரு பயணம். இரவு பத்து மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்குச் செல்லும் மாணவி தோழிக்கு அனுப்பும் பகிர்வு, அவள் அறையை அடைந்ததும் பொருளற்றுப் போகிறது. இரண்டாவதில் பகிரப்படுவது ஓர் உறவு. அதை நிறுத்தும் கணத்தில் 'எதை மறைக்கிறாய்?' என்ற கேள்வி எழுகிறது. விலகினால் தண்டனை உண்டு என்னும் நிலையில் அளிக்கப்படும் இசைவை இசைவு என்று அழைப்பது கடினம்.

மகள்களிடம் இது பாதுகாப்பின் பெயரால் கேட்கப்படுகிறது. (மறுக்கும் மகன்கள் அரிது, மகன்களிடம் கேட்கப்படுவதே அரிது.) பெண்கள் விடுதிகளின் நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2015-இல் தில்லியில் 'பிஞ்ஜ்ரா தோட்' இயக்கம் தொடங்கியபோது, கூண்டுக்கு ஒரு வாயிற்கதவும் ஒரு பதிவேடும் இருந்தன. கண்ணுக்குத் தெரிந்ததால் எதிர்க்க முடிந்தது. இருப்பிடப் பகிர்வுக்கு வாயிலும் இல்லை, பதிவேடும் இல்லை. கட்டுப்பாடு பையிலேயே உடன் வருகிறது.

அரசைப் பொறுத்தவரை நீதிமன்றம் கோடு வரைந்துவிட்டது. போதைப்பொருள் வழக்கொன்றில், குற்றம் சாட்டப்பட்டவர் கூகுள் மேப்ஸில் தம் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குத் தெரியுமாறு குறித்து வைக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் பிணைக்கு நிபந்தனை விதித்தது. 2024 ஜூலை 8 அன்று, ஃபிராங்க் விட்டஸ் வழக்கில், நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அந்நிபந்தனையை நீக்கியது. பிணையில் இருப்பவரின் ஒவ்வோர் அசைவையும் காவல்துறை தொடர்ந்து கண்காணிக்க வழிசெய்யும் நிபந்தனை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் தனியுரிமையை மீறுவதாகும் என்பது தீர்ப்பின் சாரம். கடுமையான குற்றச்சாட்டை எதிர்கொள்பவருக்குக் கிடைத்த இக்காப்பு, குற்றம் ஏதும் சாட்டப்படாத ஒரு முதுகலை மாணவிக்கு வீட்டிலும் நட்பிலும் கிடைப்பதில்லை. குடும்பத்திற்குள் நீதிமன்றம் நுழைந்து இதைத் தீர்க்கவும் இயலாது.

ஆனால் வடிவமைப்பால் சிலவற்றைச் செய்யலாம். மனிதர்களுக்கிடையிலான பகிர்வு யாவும் தாமாகவே காலாவதியாக வேண்டும். தொடர விரும்புவோர் மீண்டும் இசைவு தரட்டும். பகிர்வு முடிந்தது என்ற அறிவிப்பு எதிர்த்தரப்புக்குச் செல்லாதிருக்கட்டும். பல்கலைக்கழகங்கள் தம் பங்குக்கு, களப்பணி அனுமதிக்கோ விடுதி விடுப்புக்கோ நேரடி இருப்பிடத்தை நிபந்தனையாக்குவதில்லை என்பதை விதியாக எழுதி வைக்கலாம். அதற்கு ஓர் ஆட்சிக்குழுத் தீர்மானம் போதும்.