இயல்பிருப்பு யாருக்கு இயல்பு?

"மூல நிரலிலிருந்து மென்பொருளைத் தொகுத்து நிறுவும் பொதி மேலாளர்களில் இயல்பிருப்புத் தெரிவுகள் இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும், வேண்டியவர் வேண்டியதை இயக்கிக்கொள்ளட்டும்." ஜென்டூவின் யூஸ் ஃப்ளாக்குகளைப் பற்றிப் பேசினாலும், ஸ்பேக்கின் வேரியன்ட்டுகளைப் பற்றிப் பேசினாலும் இவ்வாதமே முன்வைக்கப்படுகிறது. எளிமையின் பெயரால் வரும் இது, எழுத்துமுறைகளுக்கிடையே ஒரு படிநிலையை நிறுவிவிடுகிறது என்பதே என் மறுப்பு.

பைத்தானின் பில்லோ நூலகத்தை எடுத்துக்கொள்வோம். சொல்மேகப் படங்களுக்கும் ஓசிஆர் பயிற்சிக்கான செயற்கைப் படங்களுக்கும் நம்மில் பலர் நாடுவது அதைத்தான். அதை மூல நிரலிலிருந்து தொகுக்கையில் ஜேபெக் நூலகம் கிடைக்காவிட்டால் பணி பிழைச்செய்தியோடு நின்றுவிடும். தமிழ் எழுத்துகளை முறைப்படி கோக்க உதவும் ராக்ம் நூலகம் கிடைக்காவிட்டாலோ, தொகுப்பு எவ்விதத் தடையுமின்றி நிறைவுறும். நிரலும் ஓடும். ஆனால் 'மெய்' என்னும் சொல்லின் ஒற்றைக்கொம்பு மகரத்துக்கு முன் நிற்காமல் பின்னால் விழும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இக்குறை படாது. அப்படங்களைக் கொண்டு பயிற்றப்படும் ஓசிஆர், சிதைந்த வடிவத்தையே தமிழெனக் கற்கும்.

வேண்டியவர் இயக்கிக்கொள்ளட்டும் என்கிறார்கள். இல்லாத ஒன்றை வேண்டுவதற்கு முதலில் அது இல்லை என்பது தெரிய வேண்டாமா?

சார்புகள் பெருகுவதன் சுமையை அறியாமல் நான் பேசவில்லை. மயூர் விஹார் அறையில் என் பழைய மடிக்கணினி ஒரு பெரிய பொதியைத் தொகுத்து முடிக்க ஓர் இரவு எடுத்துக்கொள்கிறது. அனைத்தையும் இயக்கி வைக்குமாறு யாரும் கோரவில்லை. ஒரே ஓர் அளவுகோல் போதும்: ஒரு கூறின் இல்லாமை பிழைச்செய்தியாக வெளிப்படுமானால் அதை அணைத்து வைக்கலாம், பிழையான விடையாக வெளிப்படுமானால் இயக்கியே வைக்க வேண்டும்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. முன்தொகுத்து வழங்கப்படும் பில்லோ பொதிகளில் 8.2.0 பதிப்பிலிருந்து ராக்ம் சேர்க்கப்பட்டுள்ளது. 2023இல் வெளியான போஸ்ட்கிரெஸ்கியூஎல் 16, மொழிவாரி அகரவரிசைக்கு உதவும் ஐசியு நூலகத்தை இயல்பிருப்பாக்கியது. இப்போது அதை வேண்டாதவரே விலக்கிக்கொள்ள வேண்டும்.

ஜென்டூவில் ஒரு தெரிவை இயல்பாக இயக்கி வைக்க, பொதியின் வரையறையில் அதன் பெயருக்கு முன் ஒரு கூட்டல் குறி இட்டால் போதும். பொதிப் பராமரிப்பாளர்களிடம் அதைக் கேட்போம். அதுவரை, நம் ஆய்வேடுகளின் முறையியல் இயலில் மென்பொருளின் பதிப்பு எண்ணோடு தொகுப்புத் தெரிவுகளையும் பதிவுசெய்வோம்.