பியர் வார்க்கும் குழாயும் பண்டிதர் தமிழும்

பண்டிதருக்கும் பியருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். வினவுதல் நியாயமே. நான் மது அருந்துபவனல்லன். அருந்துக என்று பிறருக்கு உரைப்பவனுமல்லன். இங்கே நான் எடுத்துக்கொண்ட விடயம் மதுவன்று, மொழி. பியரை வீட்டிலே ஆக்கிக் குழாய் வழியே வார்த்துக்கொள்ளும் ஒரு பொறியமைப்பைத் தமிழிற் சொல்ல முடியுமா, முடியாதா? முடியாது என்பார் சிலர். முடிந்தாலும் சொல்லத் தகாது என்பார் வேறு சிலர். இரு சாராரும் தமிழுக்கு ஒரே தீங்கையே செய்கின்றனர் என்பது என் துணிபு.

இவ்வினா வீணே எழுந்ததன்று. கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழும் பழைய மாணவர் ஒருவர் தம் வீட்டின் நிலவறையில் அத்தகைய அமைப்பொன்றைப் பூட்டியிருக்கிறார். நிலவறையின் மற்றொரு பாகத்திலேதான் அவருடைய மாமனாரின் படுக்கை. மாமனார் ஆங்கிலம் அறியார். “ஐயா, இந்த வாயுவைப் பற்றி மாமாவுக்கு விளங்கும்படி ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள். சுவரில் ஒட்டிவிடுகிறேன்” என்று மாணவர் கேட்டிருந்தார், வேண்டிய விவரங்களையும் அனுப்பியிருந்தார். அவற்றைப் பார்த்த என் நண்பர் ஒருவர், “இதற்கெல்லாம் தமிழிற் சொல் ஏது? வீண் வேலை” என்றார். அவரும் தமிழாசிரியரே.

நண்பருக்கு விடையாக முதலில் வேலையைச் சொல்கிறேன். சொல்லைப் பற்றிய வாதம் பின்னர் ஆகட்டும்.

வாற்கோதுமையை முளைக்கவைத்து உலர்த்தி நொறுக்கி வெந்நீரில் ஊறவிட்டால் அதன் மாப்பொருள் இனிப்பாக மாறும். அந்த இனிய சாற்றை வடித்தெடுத்து, ஹொப் என்னும் கொடியின் பூவையிட்டுக் காய்ச்சி, ஆறியபின் மதுவம் சேர்த்தால், சில நாட்களில் நொதித்துப் பியராகும். வீட்டில் ஆக்குவோர் ஒரு தடவையில் பெரும்பாலும் 19 லீற்றர் அளவே ஆக்குவர். அதனைச் சிறு போத்தல்களில் அடைப்பதாயின் 50 போத்தல்களுக்கு மேல் கழுவ வேண்டும். ஒவ்வொன்றிலும் சிறிது சீனி சேரச்செய்து மூடி, உள்ளே மீண்டும் நொதித்து வாயு உண்டாகும்வரை காத்திருக்கவும் வேண்டும். இத்தொல்லையைத் தவிர்ப்பதே குழாய் அமைப்பின் பயன்.

இதற்கு வேண்டிய உறுப்புகள் ஐந்து. முதலாவது, துருவேறா உருக்காலான பீப்பா. குளிர்பான நிறுவனங்கள் இனிப்புப் பாகை நிரப்பி அனுப்புவதற்கென ஆக்கிய கலம் அது. அந்நிறுவனங்கள் பெட்டியினுள் வைத்த பைகளுக்கு மாறியபோது, கழிக்கப்பட்ட பீப்பாக்கள் வீட்டில் பியர் ஆக்குவோர் கைக்கு மலிவாக வந்து சேர்ந்தன. இரண்டாவது, காபனீரொட்சைட்டு வாயுவை அடைத்த உருளை. மூன்றாவது, உருளையின் பெரும் அமுக்கத்தை வேண்டிய அளவுக்குத் தணித்துத் தரும் சீராக்கி. நான்காவது, பியர் ஓடும் மெல்லிய குழாயும் அதன் நுனியிலுள்ள வாயும். அவ்வாயை ‘வார்வாய்’ என்கிறேன். ஐந்தாவது, பீப்பாவைக் குளிராக வைத்திருக்கும் பெட்டி.

மேல்மூடியுள்ள உறைபெட்டியையே பலர் இதற்குக் கொள்வர். அதன் பக்கச் சுவரில் துளையிடலாகாது. குளிர்பொருள் ஓடும் நுண்குழாய்கள் சுவரினுள்ளே மறைந்திருக்கும். ஆகவே மூடியைக் கழற்றி, இடையில் ஒரு மரச்சட்டத்தை அமைத்து, மூடியை அதன்மேல் மீண்டும் பூட்டுவர். துளைகளை மரத்தில் இட்டு வார்வாயைப் பொருத்துவர். பெட்டியைத் தன்பாட்டில் விட்டால் பியர் உறைந்துவிடும். ஆதலின் வெப்பநிலையைக் கண்டு மின்னை நிறுத்தியும் விடுத்தும் காக்கும் சிறு கருவியொன்றை வெளியே இணைப்பர்.

பியரை 4 பாகை செல்சியசு அளவில் வைத்து, சதுர அங்குலத்துக்கு 12 இறாத்தல் அமுக்கத்தில் வாயுவைச் செலுத்தினால், ஒன்றிரண்டு வாரங்களில் ஒரு பங்கு பியரில் ஏறக்குறைய இரண்டரைப் பங்கு வாயு கரைந்து நிற்கும். இனி வார்க்கலாம். ஆயினும் குழாய் மிகக் குறுகியதாயின் கிண்ணம் முழுவதும் நுரையே நிறையும். ஏன்? பீப்பாவிலிருந்து தள்ளும் அமுக்கம் வழியிலே செலவாகாமல் வாய்வரை வந்து வெடிக்கிறது. ஆதலால் உள்விட்டம் அங்குலத்தின் 16இல் 3 பங்கான மெல்லிய குழாயை 6 அடி முதல் 10 அடி வரை நீளமாக விட்டுச் சுருட்டி வைப்பர். குழாயின் உட்புறத்து உராய்வு அமுக்கத்தைச் செலவழித்துவிடும். பியர் அமைதியாக இறங்கும். இரண்டு வாரத்துக்கொருமுறை குழாயைக் கழுவாதுவிடின் மதுவமும் நுண்ணுயிரும் உள்ளே படிந்து சுவையைக் கெடுக்கும்.

இனி அந்த மாமனாருக்குரிய பகுதி. காபனீரொட்சைட்டு காற்றிலும் பாரமானது, நிறமில்லாதது, மணமில்லாதது. ஒழுகினால் நிலவறை போன்ற தாழ்ந்த இடத்திலேயே தேங்கும். தலையிடியும் மூச்சுத்திணறலும் முன்குறிகள். குறி கண்டவுடன் உருளையை மூடப் போகலாகாது. மேலே ஏறி வெளியேறி உதவிக்கு ஆளழைக்க வேண்டும். உருளை எப்பொழுதும் நிமிர்ந்தே நிற்கவேண்டும்; சுவரோடு கட்டப்பட்டிருக்கவேண்டும். சீராக்கியின்றி அதனைப் பீப்பாவோடு இணைத்தல் பேராபத்து. மூட்டுகளில் சவர்க்கார நீரைப் பூசினால் குமிழி எழும் இடமே ஒழுகும் இடம். உருளைக்குரிய அமுக்கமானியின் முள் அசையாது நிற்பது கண்டு வாயு நிறைய உண்டு என்று எண்ணலாகாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் பெரிதும் அசையாது; திரவம் தீர்ந்தபின்னரே சடுதியாக விழும். மிகுதியை அறிய உருளையை நிறுத்தே பார்க்கவேண்டும். நித்திரை கொள்ளும் அறையில் வாயுவை அறிவிக்கும் கருவி ஒன்று இருத்தல் அவசியம்.

இவற்றுள் விளங்காத வாக்கியம் எது என்று நண்பரைக் கேட்கிறேன். மதுவம், அமுக்கம், சீராக்கி, காபனீரொட்சைட்டு ஆகியன நம் நாட்டு மாணவர் விஞ்ஞான வகுப்பிற் பயிலும் சொற்கள். 1950களிலும் 1960களிலும் கலைச்சொற் றொகுதிகளுக்காக உழைத்த அறிஞர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அது. பீப்பாவும் போத்தலும் ஐரோப்பியரோடு கப்பலில் வந்து இறங்கியவை. இன்று நம் வீட்டுச் சொற்கள். இவற்றை விலக்குவது தூய்மையன்று, வறுமை. வார்வாய் ஒன்றே நான் புதிதாக இட்டது; அதுவும் ‘வார்’ என்ற பழைய வினையின் பிள்ளை. குறை தமிழில் இல்லை. வேலையை அறியாமலே சொல்லைத் தேடப் புகுவார் மாட்டே குறை உளது. அமுக்கம் குழாயிற் செலவாகிறது என்பது விளங்கியவனுக்குச் சொல் தானே வரும்.

இனிச் சொல்லத் தகாது என்பாரை நோக்குவோம். இவர்கள் தமிழின் தூய்மையைக் காப்பதாக எண்ணுகின்றனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையை இவர்கள் மறந்தனர் போலும். வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அங்கே படிப்படியாகச் சொல்லுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்தல், வாயகன்ற பிழாவிலிட்டு ஆற்றுதல், முளையின் அடையைக் கலத்தல், இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் முதிரவிடுதல் என அம்முறை செல்கிறது. முளைத்த தானியத்தால் ஆக்கிய மது அது. வாற்கோதுமைக்குப் பதிலாக நெல் என்பதே வேறுபாடு. பியருக்கு அது நெருங்கிய உறவு. முதிராத பியரின் பச்சைத்தன்மைக்கு என்ன சொல்வது என்று நாம் தடுமாறவும் வேண்டியதில்லை. அப்புலவர் ‘வழைச்சு’ என்று சொல்லி வைத்திருக்கிறார். மன்னனைப் பாடவந்த புலவர் வலைஞரின் சாடிக்குள்ளும் எட்டிப் பார்த்தார். அதனால் அவர் தமிழ் தாழ்ந்ததா?

மேனாட்டிலும் இவ்வறிவு எளிதாகப் பரவவில்லை. பிரித்தானியாவில் வீட்டில் பியர் ஆக்க உத்தரவுப் பத்திரம் வேண்டும் என்ற விதி 1963இலேதான் நீங்கியது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் ஒழிந்தபோது வீட்டுத் திராட்சை மதுவுக்கு இடம் கிடைத்தது, பியருக்குக் கிடைக்கவில்லை. 1978இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டமே மத்திய அரசின் தடையை நீக்கியது. அலபாமா, மிசிசிப்பி மாநிலங்கள் 2013வரை இணங்கவில்லை. ஆயினும் சட்டம் வழிவிட்டது மட்டும் போதவில்லை. கொலராடோ மாநிலத்தில் பள்ளியாசிரியராயிருந்த சார்ல்ஸ் பப்பாசியன் என்பார் இக்கலையை அயலாருக்கு வகுப்பு வைத்துக் கற்பித்தார்; 1984இல் எளிய நடையில் நூலாகவும் வெளியிட்டார். அந்நூல் இலட்சக்கணக்கானோரின் கைந்நூலாயிற்று. அறிவு பொதுவானது ஓர் ஆசிரியரின் எளிய மொழியால். ஆசிரியர்கள் இதனைக் கவனிக்க. நம் நாட்டிலோ உத்தரவுப் பத்திரமின்றி மது ஆக்குதல் குற்றம். மாணவர் இக்கட்டுரையைச் செய்முறைப் பாடமாகக் கொள்ளற்க.

மாணவர் கொள்ளவேண்டிய செய்முறைப் பாடம் வேறொன்று உண்டு. ரொறன்ரோவின் சீராக்கிக்கு ஒப்பான நுட்பம் யாழ்ப்பாணத்துப் பனையின் உச்சியிலும் இருக்கிறது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்பட்டுக் கருப்பநீர் இறங்கும்; பூசாவிடின் கள். பாளையை எவ்வளவு சீவுவது, எப்பொழுது சீவுவது என்பன அத்தொழிலாளியின் கைக்கே தெரிந்த கணக்குகள். தளைநார், முட்டி, பிளா என்று அவர் வாயில் வாழும் சொற்கள் எத்தனை! பனையோலைப் பிளாவும் பெரும்பாணாற்றுப்படையின் பிழாவும் ஒரு குடும்பத்தவை என்றே நான் எண்ணுகிறேன். நாமோ நறவு, தேறல், தோப்பி என்று பழஞ்சொற்களை ஒப்பிக்கிறோம்; வேலிக்கு அப்பால் வாழும் தொழிலாளியிடம் ஒரு சொல்லையேனும் கேட்டறிந்தோமில்லை. கேளாமைக்குக் காரணம் மதுவின்மேல் உள்ள வெறுப்பன்று. அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த சாதிச் செருக்கே காரணம். மேனாட்டான் தன் பியர்க் குழாயைக் கலை என்று எழுதி வைத்தான். நாம் நம் அயலானின் கலையை இழிவென்று எழுதாது விட்டோம். மரமேறுவார் அருகிவரும் இந்நாளில், அவரோடு அச்சொற்களும் இறங்கிப் போய்க்கொண்டிருக்கின்றன.

தமிழாசிரியரிடம் ஒன்று வேண்டுகிறேன். அடுத்த தவணையில் ஒரு கட்டுரைப் பாடத்தை விட்டுவிடுங்கள். ‘நிலா ஒளியில் நான்’ என்பதை ஆயிரம் மாணவர் எழுதிவிட்டனர். அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரும் ஒரு தொழிலாளியிடம் சென்று, அவருடைய கருவிகளின் பெயர்களையும் வேலையின் முறையையும் அவர் சொல்லும் சொல்லாலேயே எழுதிவரட்டும். சீவல் தொழிலாளி, தச்சர், வலை பின்னுபவர், குளிர்ப்பெட்டி திருத்துபவர் யாரானாலும் சரி. எழுதியதை அத்தொழிலாளிக்கே வாசித்துக் காட்டட்டும். அவர் தலையசைத்தால் முழுப் புள்ளியும் கொடுங்கள்.