கோட்டையா, களஞ்சியமா?

சீயமங்கலத்திலிருந்து மச்சான் வந்திருந்தான். கையில் அப்பாவின் ரிடையர்மென்ட் பணம், பத்து லட்சம்.

"செஞ்சி ரோட்டுல ஒரு மனை வாங்கிடறேன். மண்ணு பொய் சொல்லாது மாப்ளே!"

"மண்ணு சொல்லாது. புரோக்கர்?"

கணக்குப் போட்டோம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பத்து லட்சத்து மனைக்கு 90,000 ரூபாய் முதல் நாளே அவுட்! காலி மனைக்கு வாடகையும் வராது. அவசரம் என்றால் ஒரு மூலையை மட்டும் விற்க முடியுமா?

"அப்ப மொத்தத்தையும் பேங்க்ல போடட்டுமா?"

அதுவும் வேண்டாம். பேங்க் திவாலானால், 2020 முதல் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் இன்ஷூரன்ஸ். தவிர, வட்டியை விலைவாசி தின்றுவிடும்.

செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். 1690-ல் முற்றுகையிட்ட மொகலாயர்கள் 1698-ல்தான் பிடித்தார்கள். அங்கே மதில் மட்டுமா இருக்கிறது? நெற்களஞ்சியமும் இருக்கிறது!

மனை கோட்டை என்றால், ஃபிக்ஸட் டெபாசிட் களஞ்சியம். நாலைந்து வருஷத்தில் தேவைப்படும் பணம் முதலில் அங்கே. மிச்சத்தில், வில்லங்கம் பார்த்து மனையோ, பொறுமை இருந்தால் மியூச்சுவல் ஃபண்டோ!

"உன் தங்கச்சி கல்யாணம் எப்போ?"

"அடுத்த தை."

"அப்ப களஞ்சியம்தான் முதல்ல. இல்லேன்னா மனை நிற்கும் மச்சான், கல்யாணமும் நின்னுடும்!"