வெள்ளைக் கல்நார் தீங்கற்றதா?

ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரில் நீலமும் பழுப்பும்தான் புற்றுநோய் தரும், கூரை ஷீட்டில் சேரும் வெள்ளை வகையான கிரைசோடைலால் கேடில்லை என்பது அத்தொழிலின் நெடுநாள் வாதம்.

இதில் கொஞ்சம் உண்மை உண்டு. சுருண்ட வெள்ளை இழை, ஊசிபோல் நேராக நிற்கும் நீல இழையைவிட விரைவில் நுரையீரலை விட்டு நீங்கும். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயையும் நீல வகை அளவுக்கு உண்டாக்குவதில்லை. ஆனால் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஏறத்தாழ முழுக்க வெள்ளை இழையையே நூற்ற ஓர் ஆலையின் தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்றுநோய் இயல்பைவிட மிகுந்திருந்தது. இத்தாலியில் வெள்ளை வகை வெட்டியெடுத்த பலங்கேரோ சுரங்கத் தொழிலாளர்களுக்கு மீசோதீலியோமாவும் வந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது.

சிமென்டில் இறுகிய இழை வெளியே வராது என்பார்கள். யாரும் தொடாத புது ஷீட்டுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். கூரைக்கு அந்தப் பாக்கியம் ஏது? போல்ட்டுக்குத் துளை போடும்போதும், ஓரத்தை அறுக்கும்போதும், பாசியைச் சுரண்டும்போதும் தூசி பறக்கிறது. துளை போடுபவரின் புருவத்திலும் சட்டையிலும் படிந்து வீட்டுக்கு வரும் அந்தத் தூசி, சட்டையை உதறித் துவைப்பவரின் மூச்சிலும் கலக்கிறது. கல்நார் ஆலைக்குள் கால் வைக்காத மனைவியருக்கும் மீசோதீலியோமா வந்தது இந்த வழியில்தான்.

பழியைப் பீடி, சிகரெட்டின் மேல் போடுவதும் உண்டு. மீசோதீலியோமாவுக்கும் புகைப்பழக்கத்துக்கும் தொடர்பில்லை. நுரையீரல் புற்றுநோயிலோ கல்நாரும் புகையும் சேரும்போது ஆபத்து வெறும் கூட்டலைத் தாண்டிப் பெருகுகிறது. அமெரிக்க மருத்துவர் இர்விங் செலிகாஃபின் குழு 1968இலேயே இதைக் காட்டிவிட்டது.

"எங்கள் ஆலையில் யாருக்கும் வரவில்லையே" என்ற கேள்விக்கு விடை காலக்கணக்கில் இருக்கிறது. இழை உள்ளே போனபின் நோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் தொழிலாளி ஓய்வுபெற்று ஊர் திரும்பியிருப்பார். இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல், கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க உத்தரவிட்டது. இன்று வேலை செய்வோரை மட்டும் எண்ணிவிட்டு நோயில்லை என்பது கணக்காகாது.

வெள்ளைக் கல்நாரை உலகெங்கும் விற்ற கனடா 2018இல் தன் நாட்டில் அதற்குத் தடை விதித்தது. கியூபெக்கில் பெரும் சுரங்கம் இருந்த 'ஆஸ்பெஸ்டாஸ்' என்ற ஊரே 2020இல் அந்தப் பெயரைக் கைவிட்டது.