விளையாட்டுச் சங்கச் செயலவை: பட்டமும் பணபலமும் போதுமா?

மலேசியக் காற்பந்து சங்கத்தின் (எஃப்ஏஎம்) செயலவையினர் 2026 ஜனவரி 28-ஆம் தேதி கூண்டோடு பதவி விலகினர். நாட்டின் மிகப் பெரிய விளையாட்டுச் சங்கம் ஒன்றுக்கு ஏற்பட்ட இந்த நிலை, கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூர் தோட்டங்களிலும் பந்து விளையாடும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் சம்பந்தமுள்ள செய்திதான்.

2025 ஜூன் 10-ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் வியட்நாமை 4-0 என வென்றபோது நாடே கொண்டாடியது. செப்டம்பர் 26-ஆம் தேதி ஃபிஃபா அறிவித்த தண்டனை அந்த மகிழ்ச்சியைப் போக்கியது. வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களுக்குத் திருத்தப்பட்ட ஆவணங்கள் பயன்படுத்தப்பட்டன என்பது குற்றச்சாட்டு. சங்கத்திற்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் 2,000 பிராங்க் அபராதமும் 12 மாதத் தடையும் விதிக்கப்பட்டன. அவர்களின் தாத்தா பாட்டிமார் மலேசியாவில் பிறந்தவர்கள் என ஆவணங்கள் கூறின. ஃபிஃபா பெற்ற அசல் பதிவுகளோ அர்ஜெண்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நாடுகளைக் காட்டின. ஊழியர் செய்த தொழில்நுட்பத் தவறு என்று சங்கம் விளக்கம் தந்தது. நவம்பர் 3-ஆம் தேதி மேல்முறையீடு தள்ளுபடியானது. அதன் பிறகு விவகாரம் அனைத்துலக விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்றது.

ஃபிஃபாவால் பெற முடிந்த அசல் பதிவுகளை முன்கூட்டியே கேட்டுப் பார்க்கும்படி செயலவையில் யாராவது சொன்னார்களா? யார் குற்றவாளி என்பதைவிட, தேசிய விளையாட்டுச் சங்கங்கள் அனைத்திற்கும் பாடமாக அமைவது இந்தக் கேள்விதான்.

என்னென்ன திறன்கள் தேவை?

முதலாவது, கேள்வி கேட்கும் துணிவு. தலைவர் சொன்னால் சரி என்று கை தூக்குவது செயலவை உறுப்பினரின் வேலை அல்ல. ஓர் ஆவணம் எங்கிருந்து வந்தது, யார் சரிபார்த்தார், கையெழுத்திட்டவர் யார் என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கணக்கு வாசிக்கும் அறிவு. தேசியச் சங்கங்களுக்கு அரசாங்க மானியமும் ஆதரவாளர்களின் நிதியும் வருகின்றன. பொருளாளர் வாசித்து முடித்ததும் கைதட்டிவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. எந்த நிதி எந்த நோக்கத்திற்கு வந்தது, அதற்கே செலவானதா என்பதைத் தணிக்கை அறிக்கையில் பார்க்கத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, சட்ட அறிவு. இங்கே இரண்டு எஜமானர்கள் இருக்கிறார்கள். 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையரிடம் பதிவு பெற வேண்டும். அதே வேளையில் அனைத்துலகச் சம்மேளனங்கள் வெளியார் தலையீட்டை ஏற்பதில்லை. இந்தக் காரணத்தால் இந்தோனேசியா 2015-இல் ஃபிஃபாவால் இடைநீக்கம் செய்யப்பட்டு ஓராண்டு ஒதுங்கி நின்றது. இந்தியாவும் 2022 ஆகஸ்டில் சில நாட்கள் இடைநீக்கப்பட்டது. இந்த இரண்டு விதிகளையும் படித்தறிந்தவர்கள் செயலவையில் இல்லாவிட்டால் விளைவு ஆட்டக்காரர்கள் தலையில்தான் விழும்.

நான்காவது, சொந்த நலனை ஒதுக்கும் நேர்மை. உறவினரின் நிறுவனம் சீருடைக் குத்தகைக்கு மனு செய்தால், உறுப்பினர் அதை வெளிப்படையாகச் சொல்லி, முடிவெடுக்கும்போது அறையை விட்டு வெளியேற வேண்டும். இத்துடன் வயது குறைந்த ஆட்டக்காரர்களின் பாதுகாப்பு, காயம், கல்வி பற்றிய அக்கறையும் சேர வேண்டும்.

மற்ற நாடுகளில்

பிரிட்டனில் அரசாங்க நிதி பெறும் பெரிய விளையாட்டு அமைப்புகளின் நிர்வாகக் குழுவில் கால்வாசிப் பேர் சுயேச்சை உறுப்பினர்களாகவும், குறைந்தது 30 விழுக்காட்டினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 2017-இல் விதி வந்தது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், செயற்குழுவில் சாதனை படைத்த விளையாட்டாளர்களுக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்குகிறது.

விளையாடியவர்களால் நிர்வாகம் செய்ய முடியாது என்ற பேச்சுக்கு மலேசியாவிலேயே பதில் உண்டு. 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற டான்ஸ்ரீ டாக்டர் எம். ஜெகதீசன், மருத்துவராகி, பின்னர் மலேசிய ஒலிம்பிக் மன்றத்தின் துணைத் தலைவராகவும் பொறுப்பு வகித்தார். ஓட்டம் அவருக்குப் பெயர் தந்தது. நிர்வாக மேசையில் படிப்பும் துறை அறிவும் கைகொடுத்தன.

தோட்டத்திலிருந்து தேசிய மேசைக்கு

ஈஜோக், ஜெரம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரங்களில் பந்து விளையாட இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. தீபாவளிக் கிண்ணம் என்றால் குழுக்கள் திரண்டுவிடும். ஆனால் ஆட்டம் முடிந்து கிண்ணத்தைத் தூக்கியதும் பெரும்பாலான குழுக்கள் கலைந்துவிடுகின்றன. பதிவு இல்லை, கூட்டக் குறிப்பு இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. பதிவு இல்லாத குழுவுக்கு மாவட்டச் சங்கத்தில் பேராளர் கிடையாது. மாவட்டத்தில் குரல் இல்லாதவர் மாநிலத்திற்குப் போக வழியில்லை. தேசிய ஆண்டுக் கூட்டத்தில் வாக்களிப்பவர்களோ இணைச் சங்கங்களின் பேராளர்கள். ஆக, ஏணியின் முதல் படியிலேயே நம்மவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

மொழியும் ஒரு தடை. கூட்டக் குறிப்புகள் மலாயிலும், அனைத்துலகக் கடிதங்கள் ஆங்கிலத்திலும் வரும். இரண்டையும் படித்து, நயமாகப் பதில் எழுதத் தெரிந்த இளைஞர்களைக் குழுக்கள் செயலாளர்களாக்க வேண்டும். பெண்களையும் இதில் சேர்க்க வேண்டும்.

பயிற்சிக்குத் தோட்ட மக்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆலயக் கணக்கை ஒழுங்காக எழுதியவரும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் மானியத்திற்கு மனு எழுதியவரும் பாதித் திறனை ஏற்கெனவே பெற்றிருக்கிறார்கள். அவர்களைக் குழுவின் பொருளாளராகவும் செயலாளராகவும் அமர்த்தி, விளையாட்டு ஆணையரிடம் பதிவு செய்து, ஆண்டுதோறும் கூட்டம் நடத்தி, கணக்கைத் தணிக்கை செய்து காட்டினால் அந்தக் குழு மாவட்டத்தில் மதிப்புப் பெறும்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் யாரைத் தலைவராக்கலாம் என்று பேசும்போது, எவ்வளவு நன்கொடை தருவார் என்பதோடு, கணக்கைப் படிப்பாரா, விதியைப் படிப்பாரா, தவறு நடந்தால் கேட்பாரா என்பதையும் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். தோட்டக் குழுவில் இப்படிக் கேட்டுப் பழகியவர்தான் நாளை தேசியச் செயலவையிலும் வாய் திறப்பார்.