பட்டியலில் அப்பா பெயர் இருக்கிறது, பணம் எங்கே?

கேள்வி: "ஆம்பூர் பக்கம், பாலாற்றங்கரையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். டேனரிக் கழிவால் கிணறு கெட்டதற்கு நஷ்டஈடு என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் தன் பெயர் இருப்பதாக அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. பணம் வந்ததா, வரவில்லையா என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சுப்ரீம் கோர்ட்டு கொடுக்கச் சொல்லிவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எங்கே போய்க் கேட்பது? பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று ஒருவர் சொல்கிறார். அங்கே எல்லாம் இங்கிலீஷில்தானாமே? வக்கீல் வைக்க எனக்கு வசதியில்லை. என் வீட்டுக்காரம்மா ஷூ கம்பெனிக்குப் போய்த்தான் குடும்பம் ஓடுகிறது."

(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், ஆம்பூர் வட்டம்)

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, பழைய பாக்கி. இன்னொன்று, கிணறு இன்றைக்கும் கெட்டுக்கொண்டிருந்தால் அதற்காகப் போட வேண்டிய புதிய மனு. பழைய பாக்கிக்கு நீங்கள் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியதில்லை. புதியதற்குப் போகலாம், ஆனால் அதற்கு நாள் கணக்கு உண்டு.

முதலில் அந்தப் பட்டியல் எப்படி வந்தது என்று பார்ப்போம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவன்தான் காசு கொடுக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கும் கொடுக்க வேண்டும், கெட்ட மண்ணையும் நீரையும் சீர்செய்யவும் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாகக் கால் ஊன்றியதில் நம் பாலாற்றுக் கிணறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டக் கல்லூரியில் இன்றும் 'வேலூர் வழக்கு' என்றே பாடம் நடக்கிறது.

அந்தத் தீர்ப்பின்படி 1996 செப்டம்பர் 30-இல் மத்திய அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. சூழலியல் இழப்பு ஆணையம் என்று பெயர். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிதான் தலைவர். பாதிக்கப்பட்டவர்கள் யார் யார் என்று கண்டுபிடிக்கும் வேலையை உச்ச நீதிமன்றம் அந்த ஆணையத்தின் தலையிலேயே வைத்தது. விவசாயி வக்கீல் பிடித்து, மனு எழுதி, எந்த டேனரித் தண்ணீர் தன் கிணற்றைக் கெடுத்தது என்று நிரூபிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆணையமே நிபுணர்களை வைத்து இழப்பைக் கணக்கிட வேண்டும். டேனரி முதலாளிகளுக்கும் தங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். யார் எவ்வளவு கட்ட வேண்டும், யாருக்கு எவ்வளவு போக வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கலெக்டருக்கு அனுப்ப வேண்டும். கலெக்டர் நிலவரிப் பாக்கியை வசூலிப்பதுபோல வசூலித்துக் கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஏழை விவசாயிக்கு ஏற்ற நியாய மன்றம் இப்படித்தான் இருக்க வேண்டும். 2001 மார்ச் 7-இல் ஆணையம் உத்தரவு போட்டபோது 29,193 பேர் அல்லது குடும்பங்கள் பட்டியலில் வந்தார்கள். அத்தனை பேரும் தனித்தனியாக வழக்குப் போட வேண்டியிருந்தால் அதில் நூற்றில் ஒருவராவது நீதிமன்றம் போயிருப்பாரா என்பது சந்தேகம்.

ஆனால் தொகையைப் பாருங்கள். மொத்தம் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். 29,193-ஆல் வகுத்தால் சராசரியாக ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 9,200 ரூபாய். அது 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரை, ஏழு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு. வருஷத்துக்கு 1,250 ரூபாய்கூட வரவில்லை. நிலத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், கெட்டுப்போன ஒரு கிணற்றுக்கு இது எந்த மூலைக்கு? இந்தத் தொகைக்கே அப்புறம் எத்தனை இழுபறி! விடுபட்டவர்களுக்காக 2009 ஆகஸ்ட் 24-இல் இன்னோர் உத்தரவு வந்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் போய், 2010-இல் தீர்ப்பாகி, அங்கிருந்து உச்ச நீதிமன்றம் போனது.

உங்கள் ஊரில் பேசிக்கொள்வது 2025 ஜனவரி 30 தீர்ப்பை. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு கொடுத்தது. 2001, 2009 உத்தரவுகளின்படி இன்னும் பணம் போய்ச் சேராதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுக்க வேண்டும், அந்தப் பணத்தை அரசு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று சொன்னது. கெட்ட சூழல் சீராகும்வரை மாசு செய்தவரின் பொறுப்பு தீராது என்றும் சொன்னது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துச் சுற்றுச்சூழல் தணிக்கை செய்யவும் உத்தரவிட்டது. வழக்குப் போட்ட நாளிலிருந்து எண்ணினால் 34-வது வருஷம். உங்கள் அப்பா மாதிரி எத்தனையோ பேர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதல் வேலை, பட்டியலில் அப்பா பெயர் உண்டா, பணம் கொடுக்கப்பட்டதா என்று எழுத்தில் பதில் வாங்குவது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், சட்டமே அதற்கு இடம் தருகிறது. கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. அப்பா பெயர், ஊர், சர்வே எண் போட்டு மூன்றே கேள்வி கேளுங்கள்: 2001 மற்றும் 2009 உத்தரவுப் பட்டியலில் இந்தச் சர்வே எண் இருக்கிறதா, எவ்வளவு தொகை விதிக்கப்பட்டது, கொடுத்திருந்தால் எந்தத் தேதியில், எப்படி, யார் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். பட்டியலின் அந்தப் பக்கத்து நகலையும் கேளுங்கள்.

எங்கே அனுப்புவது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. உத்தரவு வந்தபோது வேலூர் ஒரே மாவட்டம். 2019-இல் அது மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். வாலாஜா, ராணிப்பேட்டைப் பக்கத்தவர்களுக்கு ராணிப்பேட்டை மாவட்டம். பழைய கோப்பு எங்கே இருக்கிறது என்று நீங்கள் தேடி அலைய வேண்டாம். உங்கள் கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். கோப்பு வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் மனுவை அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும் என்பது சட்டம். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

பதில் வரும்வரை சும்மா இருக்காமல் அப்பாவின் இறப்புச் சான்று, தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், அந்தக் காலத்துப் பட்டா, சிட்டா, அடங்கல் நகல் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பட்டியலில் பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருந்தால் பெயரைவிடச் சர்வே எண்தான் காப்பாற்றும். அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் இருந்தால் எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கலெக்டரிடம் கொடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண்ணுள்ள ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மனுவில் 2025 ஜனவரி 30 தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். தணிக்கைக் குழுவுக்கும் ஒரு நகல் போகட்டும். இடையில் 'நான் வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடு' என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது தீர்ப்பாயம். 2010-இல் வந்த சட்டப்படி அமைந்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். நமக்கான தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. சட்டத்தில் நமக்குச் சாதகமானது நிறைய. சிவில் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அதைக் கட்டாது, இரு தரப்பையும் நியாயமாகக் கேட்டால் போதும். யார் தவறு என்று நிரூபிக்காமலே நஷ்டஈடு தரலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே ஆஜராகலாம். கடிதத்தையோ செய்தியையோ பார்த்துத் தானாகவே விசாரணை எடுக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மின்வழியில் மனுத் தாக்கல் செய்யலாம், காணொளியிலும் விசாரணை நடக்கிறது.

ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது சரிதான், அங்கே ஆங்கிலம்தான் ஓடுகிறது. பத்து ரூபாய் மனுவைத் தமிழில் எழுதலாம், வாழ்நாள் இழப்பைப் பற்றிய மனுவைத் தமிழில் வாதாட முடியாது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1996 ஆணையம் விவசாயியைத் தேட வேண்டியிருந்தது. இங்கே விவசாயிதான் சேப்பாக்கத்தைத் தேட வேண்டும். கட்டணமும் உண்டு. நஷ்டஈடு கேட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று, குறைந்தது 1,000 ரூபாய். ஐந்து லட்சம் கேட்டால் 5,000. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது, அதற்கான சான்றை மனுவோடு வைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தடை காலக்கெடு. நஷ்டஈடு மனு, காரணம் முதன்முதலாக எழுந்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் போட வேண்டும். மாசை நிறுத்தச் சொல்லும் மனு என்றால் ஆறே மாதம். இரண்டிலும் தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதற்கு மேல் கிடையாது. முப்பது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உப்பேறிய கிணற்றுக்கு 'முதல் நாள்' எது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அதனால் 'எங்கள் கிணறு ரொம்ப நாளாகக் கெட்டிருக்கிறது' என்று மனுவைத் தொடங்காதீர்கள். மழை நாளில் ஓடையில் புதிதாகக் கழிவு விட்டார்களா, நுரையோ நிறமோ தெரிந்ததா, போன வருஷம் வந்த தென்னை இந்த வருஷம் கருகியதா என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போட்டோவும் எடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

தண்ணீரைப் பரிசோதித்து வைப்பது அவசியம். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, நிரம்பப் பிடித்து மூடுங்கள். சர்வே எண், தேதி எழுதி ஒட்டி, அன்றைக்கே அல்லது மறுநாளே வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அறிக்கையில் மின்கடத்தும் திறன் 3-ஐத் தாண்டினால் உப்பைத் தாங்காத பயிர் எதற்கும் அந்தத் தண்ணீர் ஆகாது. கோடையில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு அறிக்கை இருந்தால் அது பேசும் அளவுக்கு நூறு பக்க மனு பேசாது.

வக்கீல் விஷயத்துக்கு உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. 1987-ஆம் வருஷத்து இலவசச் சட்ட உதவிச் சட்டம் நீதிமன்றத்துக்கு மட்டுமல்ல, தீர்ப்பாயங்களுக்கும் பொருந்தும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் அரசுச் செலவில் வக்கீல் தர வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. உங்கள் வீட்டுக்காரம்மா பெண், தொழிலாளி, இரண்டு வகையிலும் தகுதி உள்ளவர். நிலத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் அவரும் ஒருவர் என்பதால், அவரும் மனுதாரராக இருந்து விண்ணப்பிக்கட்டும். தோல் தொழிலில் வேலை பார்த்துக்கொண்டே தோல் கழிவைப் பற்றிப் புகார் சொல்வதா என்று தயங்க வேண்டாம். நம் பக்கத்தில் ஒரே வீட்டில் ஒருவர் வயலிலும் ஒருவர் கம்பெனியிலும் இருப்பது சாதாரணம். கழிவைச் சுத்திகரிக்கச் சொல்வது கம்பெனியை மூடச் சொல்வதாகாது.

தாலுகா நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். அங்கே தமிழில் விண்ணப்பம் கொடுத்தால் போதும். நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற இலவச எண்ணில் பேசலாம். போகும்போது வாரிசுச் சான்றிதழ் நகல், தண்ணீர் அறிக்கை, தேதி எழுதிய நோட்டு மூன்றையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.